லண்டனில் குடியிருக்கும் வழுதாவூர் விஷ்ணு

பிரம்மா, விஷ்ணு, சிவன் மூன்று பேரும் லண்டனில் ஒரே கட்டிடத்தில் இருக்கிறார்கள். துணைக்கு இந்திரன், வருணன், சூரியன். தீபாராதனை கிடையாது, சுண்டல் கிடையாது. ஆளுக்கொரு நம்பர் போட்டு அலமாரிக்குள் வைத்திருக்கிறார்கள். சொந்த ஊர் எது என்று விசாரித்தால், நம்ம விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் நடுவே இருக்கிற வழுதாவூர் சுற்றுவட்டாரம்!

"சிலைக் கடத்தலா?" என்று நிமிர்ந்து உட்காராதீர்கள். இவை சிலைகள் இல்லை. கல்லாகிப் போன கடல் பிராணிகள். அம்மோனைட் என்று பெயர். நம் மீன் மார்க்கெட்டில் கூடையில் வழுக்கிக்கொண்டு கிடக்குமே கணவாய், அதற்குத் தூரத்து ஒன்றுவிட்ட பெரியப்பா முறை. கணவாய்க்கு வெளி ஓடு இல்லை. இவருக்கு உண்டு. ஆட்டுக்கடா கொம்பு மாதிரி சுருண்ட ஓடு. உள்ளே வரிசையாக அறைகள். கடைசி அறையில் மட்டும் ஐயா குடியிருப்பார். மற்ற அறைகளில் காற்றும் நீரும். அதை வைத்துத்தான் மிதப்பது, முங்குவது எல்லாம்.

இன்னும் சுலபமாகச் சொல்ல வேண்டுமானால், உங்கள் பாட்டி வீட்டுப் பூஜை அறையில் சாளக்கிராமம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். நேபாளத்துக் கண்டகி நதியில் கிடைக்கும் அந்தக் கல்லுக்குள் இருக்கும் சக்கரம் அம்மோனைட்டின் தடம்தான். நாம் அதை விஷ்ணு என்று கும்பிடுகிறோம். வழுதாவூர்ப் பக்கம் கிடைத்த ஒரு அம்மோனைட்டுக்கு 1846ல் ஒரு வெள்ளைக்காரரும் விஷ்ணு என்றே பெயர் வைத்தார். அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை.

பஸ் ஸ்டாண்டில் கடல்

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு "இங்கே கடல் இருந்தது" என்று சொன்னால் பக்கத்தில் நிற்பவர் ஒரு எட்டு தள்ளி நிற்பார். ஆனால் அங்கிருந்து கிழக்கே பஸ் பிடித்து வழுதாவூர் போனால், சொன்னது உண்மை. சுமார் 7 கோடி வருஷத்துக்கு முன்னால் அந்தப் பகுதி கடலுக்கு அடியில் இருந்தது. இன்று கடற்கரை அங்கிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. அப்போது இந்தியா ஆசியாவோடு ஒட்டவில்லை. தனித் தீவாக வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. மேலே டைனோசர், கீழே அம்மோனைட்.

வழுதாவூர் பெயரைச் சரித்திர மாணவர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் அடிக்கடி தலைகாட்டும் ஊர். புவியியல்காரர்களுக்கோ அது ஒரு பாறையின் பெயர். 'வழுதாவூர் பாறை அடுக்கு' என்றால் உலகத்தில் எந்த நாட்டு நிபுணருக்கும் புரியும். அதற்கு மேலே மேட்டுவெளி அடுக்கு. அதற்கும் மேலே கரசூர் அடுக்கு.

இந்தப் பெயர்களை மாடிப்படி மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். வழுதாவூர், மேட்டுவெளிப் படிகளில் அம்மோனைட் இருக்கிறது. கரசூர்ப் படிக்கு வந்தால் உலகம் மாறிவிட்டது. நடுவில்தான் சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அந்த மகா விபத்து. டைனோசர்களோடு சேர்த்து அம்மோனைட்டுகளும் பூண்டோடு காலி. அதாவது வழுதாவூர்க்காரர்கள் தங்கள் வம்சத்தின் கடைசிக் காலத்து ஆட்கள்.

நான் போனபோது அங்கே பார்க்கக் கிடைத்தது வயல், ஏரி, கரும்பு, டீக்கடை. பாறை வெளியே தெரிகிற இடம் கொஞ்சம். டீக்கடைப் பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"ஐயா, இந்தப் பக்கம் கல்லுல சிப்பி, நத்தை மாதிரி ஏதாச்சும் கிடைக்குமா?"

"கெணறு வெட்றப்ப வரும் தம்பி. சிப்பி சிப்பியா வரும். வாரி வரப்புல கொட்டிடுவோம்."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா? தண்ணி வந்துச்சான்னுதான் பாப்போம்!"

நியாயம்தானே. கிணறு வெட்டுகிறவனுக்குத் தண்ணீர்தான் கணக்கு. 7 கோடி வருஷத்துச் சிப்பி வரப்பில் கொட்டுகிற செலவு.

ரெண்டு ஆபீஸர்கள்

இந்தச் சிப்பிகளை முதன்முதலில் ஒழுங்காகப் பொறுக்கி எடுத்தவர்கள் விஞ்ஞானிகள் இல்லை. நம்மைப் போல ஆபீஸ் உத்தியோகஸ்தர்கள். ஒருவர் சார்லஸ் டர்ட்டன் கே. இன்னொருவர் புரூக் கன்லிஃப். இரண்டு பேரும் மெட்ராஸ் ராஜதானி சிவில் சர்வீஸ். கச்சேரி, ஃபைல், கையெழுத்து என்று போயிருக்க வேண்டிய ஆசாமிகள், 1840ஐ ஒட்டிய ஆண்டுகளில் புதுச்சேரிக்கு மேற்கேயும், விருத்தாசலம், திருச்சி (இன்றைய அரியலூர்) பக்கமும் சிப்பிக் கல் சேர்க்க ஆரம்பித்தார்கள். கே அதைப் பற்றி 1840ல் மெட்ராஸிலிருந்து வந்த ஒரு பத்திரிகையில் கட்டுரையும் எழுதினார்.

சேர்த்த கற்களை என்ன செய்தார்கள்? மேஜைமேல் பேப்பர் வெயிட்டாக வைத்துக்கொள்ளவில்லை. லண்டன் புவியியல் சங்கத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். அங்கே பெட்டியைத் திறந்தவர் எட்வர்ட் ஃபோர்ப்ஸ்.

ஃபோர்ப்ஸின் கதை தனி சினிமா. 1815ல் ஐல் ஆஃப் மேன் என்ற தீவில் பிறந்தவர். அப்பா பாங்க் தொழில் செய்தவர். மகன் முதலில் ஓவியம் படித்தார், விட்டார். பிறகு டாக்டருக்குப் படித்தார், அதையும் விட்டார். சிப்பி, நட்சத்திர மீன், கடல் பூச்சி என்று அலைந்தார். நம்ம ஊராக இருந்தால் "உருப்படாத பிள்ளை" என்று சர்ட்டிபிகேட் கொடுத்திருப்பார்கள். கிரேக்க நாட்டுக் கடலில் ஆராய்ச்சி என்று கப்பலில் சுற்றிக்கொண்டிருந்தபோது அப்பாவின் தொழில் படுத்துவிட்டது. பணம் நின்றது. திரும்பி வந்து கிடைத்த வேலைகளையெல்லாம் பிடித்துக்கொண்டார். காலேஜ் புரொபசர் வேலை ஒன்று, அது போதாமல் 1842ல் புவியியல் சங்கத்தில் சேகரிப்பைப் பராமரிக்கிற வேலை ஒன்று. ஒரு பாங்க் முதலாளி நொடித்ததால்தான் வழுதாவூர்க் கற்களுக்கு ஒரு நல்ல கணக்குப்பிள்ளை கிடைத்தார் என்று காமர்ஸ் படித்தவன் என்ற முறையில் நான் குறித்துக்கொள்கிறேன்.

அவர் செய்த வேலை சாதாரணமானது இல்லை. ஒவ்வொரு கல்லாகக் கையிலெடுத்துத் தூசி தட்டி, ஓட்டின் சுருள் எத்தனை, மேலே வரி எப்படி, அறைக்கும் அறைக்கும் நடுவில் இருக்கிற சுவர் எந்த டிசைனில் வளைந்து போகிறது என்று பார்த்து, படம் போட்டு, இது உலகத்தில் ஏற்கெனவே தெரிந்ததா புதிதா என்று பிரிக்க வேண்டும். சுவர் டிசைன் முக்கியம். நம்ம வீட்டு வாசல் கோலம் மாதிரி, ஆளுக்கு ஆள் மாறும். அதை வைத்துத்தான் இனத்தைக் கண்டுபிடிப்பது.

எல்லாம் முடித்து 1846ல் அறிக்கை வெளியிட்டார். தென்னிந்தியாவில் கேயும் கன்லிஃபும் சேர்த்த புதைபடிவங்களைப் பற்றிய அறிக்கை என்று தலைப்பிலேயே இரண்டு பேர் பெயரையும் போட்டார். மேலதிகாரி பெயரை மட்டும் போட்டுவிட்டு உழைத்தவனை மறக்கிற ஊரில் வேலை பார்க்கும் நமக்கு இது கொஞ்சம் ஆச்சரியம்தான்.

மெனு கார்டு

புது இனங்களுக்குப் பெயர் வேண்டுமே? இந்தியாவிலிருந்து வந்த சரக்கு. அதனால் இந்தியப் பெயர்களாகவே எடுத்துவிட்டார். பிரம்மா, விஷ்ணு, சிவா, இந்திரா, வருணா, சூர்யா. பெட்டியைக் கொடுத்த கேயை விட்டுவிடவில்லை, அவர் பெயரில் ஒன்று. அதே தொகுப்பின் மீன் படிவங்களை ஆராய்ந்த எகர்ட்டன் பெயரில் ஒன்று.

பட்டியலில் 'மெனு' என்று ஒரு அம்மோனைட் உண்டு. பார்த்ததும் எனக்கு விழுப்புரம் ஜங்ஷன் பக்கத்து ஓட்டல்தான் ஞாபகம் வந்தது. விஷயம் வேறு. அந்தக் காலத்து இங்கிலீஷில் மனு என்பதை 'மெனு' என்றுதான் எழுதுவார்கள்.

பிற்பாடு இந்த இனங்களை விஞ்ஞானிகள் வேறு வேறு பேரினங்களில் சேர்த்தார்கள். முதல் பெயர் மாறியது. ஃபோர்ப்ஸ் வைத்த இரண்டாவது பெயர் மாறவில்லை. விதி அப்படி. பிரம்மாவுக்கு இன்னும் ஒரு படி பிரமோஷன். 1890களில் வார்த் என்பவர் நம் பக்கத்தில் திரட்டிய கற்கள் வியன்னாவுக்குப் போயின. அங்கே அவற்றை ஆராய்ந்த ஃபிரான்ஸ் கோஸ்மாட் என்ற புவியியலாளர் ஒரு பேரினத்துக்கே 'பிரம்மாயிடீஸ்' என்று பெயர் சூட்டிவிட்டார். இப்போது அவர் முழுப்பெயர் 'பிரம்மாயிடீஸ் பிரம்மா'. இனிஷியலும் பிரம்மா, பெயரும் பிரம்மா!

ஃபோர்ப்ஸ் 1854ல் இறந்தார். வயசு 39. புவியியல் சங்கம் 1911ல் தன் மியூஸியத்தைக் கலைத்தபோது வெளிநாட்டுச் சேகரிப்புகள் லண்டன் இயற்கை வரலாற்று மியூஸியத்துக்குப் போயின. சவுத் கென்சிங்டனில் 1881ல் திறந்த அரண்மனை மாதிரிக் கட்டிடம். அங்கே இருக்கும் மாதிரிகள் மொத்தம் சுமார் 8 கோடி. அதில் நம்ம வழுதாவூர்க் கோஷ்டியும் அடக்கம்.

முத்திரை போட்ட எடைக்கல்

"சரி சார், ஏதோ பழைய கல். லண்டனில் இருந்தால் என்ன, லால்குடியில் இருந்தால் என்ன?" என்று கேட்பீர்கள். அங்கேதான் விஷயம்.

மளிகைக் கடையில் ஒரு கிலோ எடைக்கல் இருக்கிறது. அது ஒரு கிலோதான் என்று எப்படித் தெரியும்? முத்திரை ஆய்வாளர் கொண்டுவரும் அசல் எடைக்கல்லோடு ஒப்பிட்டு முத்திரை குத்துவார். அவருடைய கல் இல்லாவிட்டால் கடைக்காரர் சொல்வதுதான் கிலோ.

ஒரு உயிரினத்துக்கு முதலில் பெயர் வைக்கும்போது எந்த மாதிரியைக் கையில் வைத்துக்கொண்டு பெயர் வைத்தார்களோ, அதுதான் அந்த இனத்துக்கு அசல் எடைக்கல். 'டைப் ஸ்பெஸிமன்' என்பார்கள். மூல மாதிரி என்று வைத்துக்கொள்வோம். உலகத்தில் வேறு எங்கே அதே மாதிரி ஒன்று கிடைத்தாலும், "இதுதானா அது?" என்று சந்தேகம் வந்தால், தீர்ப்பு அந்த மூல மாதிரி கையில்.

வழுதாவூர் இந்திரனை எடுத்துக்கொள்ளுங்கள். 'சூடோஃபில்லைட்டீஸ் இந்திரா' என்று இப்போது பெயர். இதே இனம் ஜப்பானில் கிடைத்திருக்கிறது. கனடாவின் மேற்குக் கரையில் கிடைத்திருக்கிறது. தென்னாப்பிரிக்காவிலும் உண்டு. ஜப்பான்காரர் மலையைக் குடைந்து எடுத்த கல்லை "இது இந்திரா" என்று எழுத வேண்டுமானால், புதுச்சேரிக்கு மேற்கே கிடைத்து லண்டன் அலமாரியில் கிடக்கும் கல்லோடு பொருந்துகிறதா என்று பார்த்தாக வேண்டும். தென்னாற்காட்டு மண்ணில் கிடைத்த கல் உலகத்துக்கே எடைக்கல்!

அதனால் என்ன லாபம்? இரண்டு ஊர்ப் பாறைகளில் ஒரே அம்மோனைட் இருந்தால், இரண்டும் ஒரே காலத்தில் படிந்த பாறை என்று கணக்குப் போடலாம். இந்த வகைப் பிராணிகள் சீக்கிரம் சீக்கிரம் இனம் மாறியவை. அதனால் காலண்டர் மாதிரி உதவும். நிலக்கரி, எண்ணெய் தேடுகிறவர்கள்கூட இந்த மாதிரிப் படிவக் காலண்டரை வைத்துத்தான் பாறைக்கு வயசு பார்த்துப் பழகினார்கள்.

1992ல் கென்னடி, ஹெண்டர்சன் என்ற இரண்டு நிபுணர்கள் புதுச்சேரி அம்மோனைட்டுகளை மறுபடி ஆராய்ந்து எழுதினார்கள். அதற்கு ஃபோர்ப்ஸின் மூல மாதிரிகள் வேண்டியிருந்தன. 146 வருஷம் கழித்து அலமாரியைத் திறக்கிறார்கள். கல் இருக்கிறது. நம்பர் இருக்கிறது. சீட்டு இருக்கிறது. நம்மில் எத்தனை பேரால் போன வருஷத்து எல்.ஐ.சி. ரசீதை எடுத்துக் காட்ட முடியும்?

காமர்ஸ் பாஷையில் சொன்னால், வவுச்சர் இல்லாத என்ட்ரி செல்லாது. கே, கன்லிஃப், ஃபோர்ப்ஸ் மூன்று பேரும் பக்காவாக வவுச்சர் வைத்துவிட்டுப் போனவர்கள். அதிலும் ஒரு குறை உண்டு. ஃபோர்ப்ஸ் அறிக்கையில் ஊர்ப்பெயர் பொதுவாகப் 'பாண்டிச்சேரி' என்று போய்விட்டது. எந்த ஏரிக்கரை, எந்த ஓடை, எந்தக் கிணறு? அந்த ஒரு வரி இருந்திருந்தால் இன்னும் எத்தனையோ கேள்விக்கு விடை கிடைத்திருக்கும்.

லே நகரத்தில் ஒரு சமாதி

எல்லாமே கப்பல் ஏறிவிட்டது என்று நினைக்க வேண்டாம். 1857 முதல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பிளான்ஃபோர்ட் தென்னாற்காடு, திருச்சி ஜில்லாக்களை அளந்து, 1862ல் அறிக்கை வெளியிட்டார். அவர் குழு சேர்த்த கற்கள் கல்கத்தாவுக்குப் போயின. அவற்றில் பெரும்பகுதியை ஆராய்ந்தவர் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா. இன்றைய செக் நாட்டுப் பகுதியைச் சேர்ந்தவர். ஏறக்குறைய பத்து வருஷம் உட்கார்ந்து நான்கு தொகுதிகள் எழுதினார். தென்னிந்தியக் கடல் படிவங்களுக்கு இன்றைக்கும் அதுதான் அரிச்சுவடி.

அந்த வேலை முடிந்த கையோடு யார்க்கண்ட் பயணக் குழுவோடு இமயத்தைத் தாண்டிப் போனார். திரும்பும் வழியில் 1874 ஜூனில் லடாக்கில் இறந்தார். வயசு 36. லே நகரத்தில் அவருக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. புல்லட்டில் லடாக் போகிற நம்ம பையன்கள் அதைத் தாண்டித்தான் போகிறார்கள். நம் விருத்தாசலம், அரியலூர்க் கிளிஞ்சல்களுக்குப் பெயர் வைத்தவர் என்று அவர்களுக்கு யாராவது சொல்லுங்கள்.

தூக்க முடியாததால் தப்பித்தது

சின்னக் கல் கப்பலேறியது. பெரிய கல்? அதைப் பார்க்கத் திண்டிவனம் பக்கம் வர வேண்டும். திண்டிவனத்தில் புதுச்சேரி பஸ் ஏறி, மயிலம் தாண்டி, உள்ளே திரும்பினால் திருவக்கரை. சந்திரமௌலீஸ்வரர் கோயில், வக்கிரகாளி சன்னதி. பௌர்ணமி அன்று போனால் பஸ்ஸில் படியில்கூட இடம் கிடைக்காது. கோயிலுக்கு வருகிற கூட்டத்தில் நூறில் ஒருவர்கூடப் பக்கத்தில் இருக்கும் கல்மரப் பூங்காவுக்குப் போவதாகத் தெரியவில்லை.

செம்மண் தரையில் மரம் வெட்டிப் போட்டது மாதிரி கிடக்கிறது. கணு தெரிகிறது. நார் ஓடுகிறது. "யாரோ விறகு காயப் போட்டிருக்கான்" என்று தோன்றும். விரல் கணுவால் தட்டினால் கல். சுமார் 2 கோடி வருஷத்து மரங்கள். சில 15 மீட்டர் நீளம். வேர் இல்லை, கிளை இல்லை, இலை இல்லை. அதிலிருந்தே, இவை இங்கே வளர்ந்தவை இல்லை, எங்கிருந்தோ ஆற்று வெள்ளம் அடித்துக்கொண்டு வந்து மணலில் புதைத்தவை என்று கண்டுபிடித்தார்கள். மணலிலிருந்து கரைந்த சிலிக்கா தண்ணீரோடு ஊறி, மரத்தின் ஒவ்வொரு செல்லிலும் புகுந்து கல்லாகிவிட்டது. உருவம் மரம், உடம்பு கல்.

1781லேயே சோன்னரா என்ற பிரெஞ்சுக்காரர் இதைப் பார்த்து எழுதிவிட்டார். இங்கிருந்தும் துண்டுகள் ஐரோப்பா போயின. ஸ்கூலில் செல் கொள்கை படித்தோமே, ஷ்லைடன்! அதே ஷ்லைடன்தான் 1855ல் நம்ம ஊர்க் கல்மரம் ஒன்றுக்குப் பெயர் வைத்தார். 1931ல் பீர்பால் சஹானி அதைத் திருத்தினார். 1950களில் சி.ஜி.கே. ராமானுஜம் தென்னாற்காட்டுக் கல்மரங்களை, ஒளி ஊடுருவும் அளவுக்குச் சல்லாத் துணி மாதிரி மெல்லிசாக அறுத்து, மைக்ராஸ்கோப்பில் வைத்து இனம் பிரித்தார். சால் மரத்தின் குடும்பம், மருத மரத்தின் குடும்பம் என்று வரிசையாகத் தேறியது. சால் மரக் குடும்பத்தில் பெரும்பாலானவை ஈரக் காட்டு ஆட்கள். அதாவது குடத்தோடு தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் இந்தச் சீமைக்கு வந்த ஆற்றின் கரையில் ஒரு காலத்தில் மழைக்காடு!

1940ல் புவியியல் ஆய்வுத் துறை இதைப் பூங்காவாக்கியது. 247 ஏக்கர். தேசியப் புவியியல் நினைவுச் சின்னம். கேட்பதற்குப் பெருமை. நான் போன ஞாயிற்றுக்கிழமை, கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு கல்மரத்தின்மேல் ஒரு இளைஞர் சாவியால் கீறிக்கொண்டிருந்தார். தன் பெயர், ஒரு ஹார்ட்டின், அப்புறம் இன்னொரு பெயரின் முதல் எழுத்து. காவலர் ஓடி வந்தார்.

"தம்பி, அதும்மேல எழுதாத!"

"கல்லுதானே அண்ணே?"

"கல்லுதான்டா. ரெண்டு கோடி வருஷமா யாரும் பேர் எழுதாத கல்லு!"

அந்தக் காவலருக்கு டாக்டர் பட்டமே கொடுக்கலாம்.

கீறுகிறவராவது தேவலை. சிலர் கைக்கு அடங்குகிற துண்டைப் பையில் போட்டுக்கொள்கிறார்கள். புதுச்சேரிப் பக்கம் சில வீட்டுத் தோட்டங்களில் கல்மரத் துண்டு குரோட்டன்ஸ் செடிக்குப் பக்கத்தில் அலங்காரமாக நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அழகுதான். ஆனால் எங்கே கிடைத்தது என்ற சீட்டு இல்லை. சீட்டு போனால் அது கல்மரம் இல்லை, வெறும் கல்.

திருப்பிக் கேட்கலாமா?

பத்தூர் நடராஜர் 1991ல் லண்டனிலிருந்து வந்தார். ஸ்ரீபுரந்தான் நடராஜர் 2014ல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தார். அதேபோல வழுதாவூர் விஷ்ணுவையும் கேட்டால் என்ன?

ஆசை எனக்கும் உண்டு. ஆனால் ஒரு வித்தியாசம். நடராஜருக்குக் கோயில் காத்திருந்தது, வழிபாடு நின்று போயிருந்தது. திருடியதற்கு கேஸ் இருந்தது. இந்தக் கற்கள் திருடிக் கொண்டுபோனவை என்று யாரும் சொல்லவில்லை. வரப்பில் கொட்டியதைப் பொறுக்கினார்கள், சீட்டு எழுதினார்கள், வைத்திருக்கிறார்கள். வெள்ளைக்காரன் ஆண்ட காலம், நம்மை யாரும் கேட்கவில்லை என்பதும் வாஸ்தவம். இரண்டையும் சேர்த்தே கணக்கில் எழுத வேண்டும். ஒரு பக்கம் மட்டும் எழுதினால் பாலன்ஸ் ஷீட் டாலி ஆகாது.

அதனால் என் கோரிக்கை சின்னது. மூல மாதிரிகள் எல்லா நாட்டு ஆராய்ச்சியாளரும் போய்ப் பார்க்கிற இடத்தில் இருக்கட்டும். நமக்கு நகல் போதும். மியூஸியங்கள் படிவங்களுக்கு அச்சு எடுத்து அச்சு அசலாக நகல் செய்கிற பழக்கம் ரொம்ப காலமாக உண்டு. இப்போது கம்ப்யூட்டரில் முப்பரிமாணப் படம் எடுத்து, எத்தனை நகல் வேண்டுமானாலும் எடுக்கலாம். விழுப்புரத்திலோ திருவக்கரையிலோ ஒரே ஒரு அறை. அதில் பிரம்மா, விஷ்ணு, சிவா, இந்திரா, வருணா, சூர்யா. கீழே தமிழில் எழுதிய சீட்டு. பக்கத்தில் கணவாய் படம் ஒன்று, பிள்ளைகளுக்குப் புரிவதற்கு. அரியலூர் பக்கத்து வாரணவாசியில் புதைபடிவ மியூஸியம் வந்துவிட்டது. வழுதாவூர் என்ன பாவம் செய்தது? பௌர்ணமிக் கூட்டத்தில் நூறில் பத்து பேர் எட்டிப் பார்த்தாலும் அந்த அறை தாங்காது!

சட்டமும் வேண்டும். 2022 டிசம்பரில் மத்திய சுரங்க அமைச்சகம் புவி மரபுச் சின்னங்களைப் பாதுகாக்க ஒரு வரைவு மசோதாவை வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. பாதுகாக்கும் அதிகாரம் ஒரே துறையிடம் குவிகிறது என்று ஆராய்ச்சியாளர்கள் சிலர் ஆட்சேபித்தார்கள். சண்டை போட்டாவது நல்ல சட்டமாகக் கொண்டுவரட்டும். கோயில் கல்வெட்டை உடைத்தால் கேஸ் போடுகிற நாம், 7 கோடி வருஷத்துக் கல்வெட்டை பிளாட் போடுகிறவரிடமும் ஜல்லி லாரியிடமும் விட்டுவைத்திருக்கிறோம்.

சட்டம் வருகிறவரை நாம் ஒன்று செய்யலாம். காசு செலவில்லை. உங்கள் ஊரில் கிணறு வெட்டும்போதோ, அஸ்திவாரம் தோண்டும்போதோ கல்லில் சிப்பியோ, சுருளோ, இலைத் தடமோ வந்தால், முதலில் போட்டோ எடுங்கள். பிறகு ஒரு துண்டுச் சீட்டில் நாலு வரி: ஊர்ப்பெயர், இடம், எத்தனை அடி ஆழம், தேதி. கல்லையும் சீட்டையும் பிரிக்காமல், பக்கத்துக் கல்லூரிப் புவியியல் துறையிலோ, புவியியல் ஆய்வுத் துறையிலோ கொண்டுபோய்க் கொடுங்கள். பூங்கா மாதிரி பாதுகாக்கப்பட்ட இடத்தில் மட்டும் எதையும் தொடாதீர்கள்.

கே என்ற அந்த ஆபீஸர் இங்கே எத்தனை ஃபைலில் கையெழுத்துப் போட்டாரோ, ஒன்றையும் யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. ஒரு சின்ன அம்மோனைட்டின் பின்னால் அவர் பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சாவியால் கீறாமலே கல்லில் பெயர் எழுத இது ஒன்றுதான் வழி என்று தோன்றுகிறது.